நிழலில் தப்பும் கிருமி

நேயர்களுக்கு வணக்கம்.

கொரோனா காலத்தில் அதிகம் படம் பிடிக்கப்பட்ட ரோபோ, சக்கர மேடைமேல் புற ஊதாக் குழல் விளக்குகளை நட்டுவைத்த வண்டிதான். ஆளில்லாத மருத்துவமனை அறையைத் தானே சுற்றிவந்து கிருமியை அழிக்கும் என்றார்கள். அழிக்கும்தான், ஆனால் கணக்குக் கறாரானது.

அதில் எரிவது பாதரச ஆவி விளக்கு. அதன் 254 நானோமீட்டர் ஒளி வைரஸின் மரபுப்பொருளைச் சிதைக்கும். ஒளியின் செறிவும் அது படும் நேரமும் சேர்ந்ததுதான் இங்கே கிருமிக்கான மருந்தளவு. வண்டி விரைந்தால் நேரம் போச்சு, விலகினால் செறிவு போச்சு. 2020-ல் அமெரிக்காவில், ஏழைகளுக்கு உணவு சேர்க்கும் கிரேட்டர் பாஸ்டன் உணவு வங்கியின் கிடங்கில் எம்ஐடி தொழில்நுட்பக் கழகத்தின் குழு ஓட்டிய ரோபோ, மணிக்கு 0.22 மைல், அதாவது நொடிக்குச் சுமார் 10 சென்டிமீட்டர்தான் ஊர்ந்தது. அந்த வேகத்தில் 4,000 சதுர அடிக்கு அரைமணி நேரம். பரப்பிலுள்ள கொரோனா வைரஸில் சுமார் 90 சதவீதம் செயலிழக்கும் என்பது அவர்கள் சொன்ன கணக்கு.

ஒளி படாத இடத்தில் இந்தக் கணக்கு செல்லாது. கட்டில் கம்பியின் அடிப்பக்கம், மேசை மறைக்கும் சுவர், அழுக்குப் படிந்த கைப்பிடி எல்லாம் நிழல். அதனால் முதலில் ஆள்தான் துடைக்க வேண்டும், சாமான்களை விலக்க வேண்டும். பிறகு கட்டிலின் இரு பக்கமும் வண்டியை நிறுத்தி ஒளி பாய்ச்ச வேண்டும். துப்புரவுப் பணியாளரின் வேலை இதில் எங்கே குறைந்தது?

இந்த ஒளி கண்ணையும் தோலையும் பதம் பார்க்கும். சாதாரணக் கண்ணாடி அதைத் தடுத்துவிடும் என்பதால், ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்கலாம். வேடிக்கை என்னவென்றால், ரோபோவுக்கு வழிகாட்டும் லைடாரின் (லேசர் ஒளியால் தூரம் அளக்கும் கருவி) லேசர் அதே கண்ணாடியை ஊடுருவிப் போய்விடும். மூடிய கண்ணாடிக் கதவு வரைபடத்தில் திறந்த வழியாகப் பதிவாகி, வண்டி நேரே போய் முட்டும். லைடார் உயரத்தில் ஒளி ஊடுருவாத பட்டை ஒன்றை ஒட்டினால் பெரும்பாலும் தீரும். கணுக்கால் உயரத்தில் சுழலும் லைடாருக்கு மேசையின் கால் தெரியும், பலகை தெரியாது. அதற்குத் தனியாக ஆழம் அளக்கும் கேமரா வேண்டும்.

தொட்ட பரப்பு வழியாகத் தொற்றும் வாய்ப்பு, ஒரு தொடுதலுக்குப் 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் சொன்னது. ஆகவே, என் பார்வையில், பரப்பில் ஒளி பாய்ச்சிய வண்டியைவிட, மருந்தும் சாப்பாடும் சுமந்துபோன எளிய வண்டியும், மருத்துவரின் முகத்தைத் திரையில் காட்டிய வண்டியும்தான் கூடுதலாகக் கைகொடுத்தவை. செவிலியர் அறைக்குள் நுழையும் தடவை குறைந்தால், கவச உடை மாற்றும் தடவையும் குறையும். இவற்றைக் கவிழ்த்தது பெரும்பாலும் கட்டடம்தான்: லிஃப்டின் கதவு மூடியதும் வைஃபை அறுந்துவிடும், நடுவழியில் வண்டி நின்றுவிடும். வாங்க நினைப்பவர்கள் ரோபோவைப் பார்க்கப் போகுமுன், தங்கள் லிஃப்டுக்குள் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போகட்டும்.