68 சென்டிமீட்டர் சந்து: குவானஹுவாதோவில் ஓர் இரவு நடை

(காட்சி: இரவு. சீராக வெட்டிவிட்ட மரங்கள் சூழ்ந்த சின்னப் பூங்கா. எங்கோ கிட்டார் சத்தம்.)

மணி எட்டு. மெக்சிகோவின் நடுப்பகுதியில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2000 மீட்டர் உயரத்தில் நிற்கிறோம். ஊரின் பெயர் குவானஹுவாதோ. முதல் தடவை நாக்கு சுளுக்கிக்கொள்ளும், நாலாவது தடவை பழகிவிடும். புரேபெச்சா என்ற பூர்வகுடி மக்களின் மொழியில் 'தவளைகளின் மலை' என்று அர்த்தம்.

இந்தப் பூங்கா முக்கோணமாக இருப்பதால் உள்ளூர்க்காரர்கள் இதைச் 'சீஸ் துண்டு' என்பார்கள். சுற்றி நிற்கும் மரங்களுக்கு இங்கே 'இந்திய லாரல்' என்று பெயர். அருகில் போய் இலையைப் பார்த்தால் தெரியும், நம் ஆலமரத்துக்குப் பங்காளிதான்.

எதிரே சான் தியேகோ தேவாலயப் படிகளில் கறுப்பு அங்கியும் வண்ண ரிப்பன்களுமாக ஒரு கூட்டம் நிற்கிறதே, அவர்கள் பாட்டுக்காரர்கள். பழைய ஸ்பானிய மாணவர் உடை அது. 1960களில் இந்த ஊர்ப் பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிவைத்தது, இன்று பல குழுக்களாகப் பெருகிவிட்டது. பாடிக்கொண்டே சந்து சந்தாகப் போவார்கள், பின்னால் ஊரே போகும். கையில் ஒரு குட்டிக் கூஜா கொடுப்பார்கள், போர்ரோன் என்று பெயர். அதன் மூக்கில் வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வேண்டும். வெள்ளைக்காரப் பயணிகள் சட்டையெல்லாம் நனைத்துக்கொள்வார்கள். நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் நாம் அவர்கள் பின்னால் போகப் போவதில்லை. இன்னொரு வகை நடை இருக்கிறது. கையில் விளக்கோடு ஒருவர் முன்னால் போய், ஒவ்வொரு மூலையிலும் நின்று அந்த இடத்தின் பழங்கதையைச் சொல்லும் நடை. கதையை வழிகாட்டி சொல்லட்டும். அது எந்த ஆணியில் தொங்குகிறது என்பதை மட்டும் நான் காட்டுகிறேன்.

(காட்சி: மேலிருந்து ஊர். பள்ளத்தாக்கு முழுக்கச் சிதறிய விளக்குகள். ஒரு தெருவும் நேராக இல்லை.)

கிளம்புவதற்கு முன் ஒன்று. ஸ்பானியர்கள் அமெரிக்காவில் கட்டிய ஊர்கள் பெரும்பாலும் சதுரங்கப் பலகை மாதிரி இருக்கும். நடுவில் சதுக்கம், அதிலிருந்து நேர்த்தெருக்கள். இங்கே அப்படி எதுவும் கிடையாது. காரணம் வெள்ளி. 1548 வாக்கில் இந்த மலையில் வெள்ளி கிடைத்தது. தாதுவை அரைக்கத் தண்ணீர் வேண்டும், அதனால் பள்ளத்தாக்கின் அடியில் ஓடிய ஆற்றங்கரையை வெள்ளியை உருக்கி எடுக்கும் களங்கள் பிடித்துக்கொண்டன. உருக்கும் களம் என்றாலும் அங்கே நெருப்பைவிடப் பாதரசத்துக்குத்தான் வேலை அதிகம். அரைத்த தாதுவைச் சேறாக்கி, உப்பும் பாதரசமும் கலந்து, கோவேறு கழுதைகளை விட்டு நாள்கணக்கில் மிதிக்க வைப்பார்கள். வெள்ளி பாதரசத்தோடு ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பாதரசத்தைச் சூடாக்கி ஓட்டிவிட்டால் மிஞ்சுவது வெள்ளி. களங்களுக்கு நடுவே மிச்சம் இருந்த இடுக்குகளில் மனிதர்கள் வீடு கட்டிக்கொண்டார்கள், மலையேறிக் கட்டினார்கள். அந்த இடுக்குகள்தான் இன்றைய சந்துகள்.

ஆறு சும்மா இருக்கவில்லை. வெள்ளம் வந்து வந்து ஊரை மூழ்கடித்தது. வீட்டை இடம் மாற்ற முடியாது, ஆகவே தெருவை உயர்த்தினார்கள். நாம் இப்போது நிற்கும் தரைக்குக் கீழே பழைய சான் தியேகோ மடத்தின் அறைகள் அப்படியே இருக்கின்றன. இன்று அது ஒரு அருங்காட்சியகம். 1905இல் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைச் சுரங்கம் வெட்டித் திருப்பிவிட்டார்கள். காய்ந்துபோன பழைய ஆற்றுப்படுகையில் 1960களில் சாலை போட்டார்கள். இன்றைக்கும் கார்கள் ஊருக்கு அடியில், கல் வளைவுகளுக்குக் கீழே ஓடுகின்றன. 'பூமிக்கு அடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது' என்று இந்த ஊரில் ஒருவர் சொன்னால் சிரித்துவிடாதீர்கள். உண்மையாகவே நடந்துகொண்டிருப்பார்கள்.

சரி, நடப்போம்.

(காட்சி: பசிலிக்காவை ஒட்டிய சின்னத் தெரு. ஒரே ஒரு மஞ்சள் விளக்கு.)

இது த்ரூகோ தெரு. த்ரூகோ என்பது ஒரு சீட்டாட்டம். வெள்ளி கொழித்த காலத்தில் இங்கே சூதாட்ட வீடுகள் இருந்தன. கதை இது: ஒரு செல்வந்தர் தினமும் இரவு அங்கி போர்த்திக்கொண்டு வந்து, கதவைத் தட்டி, உள்ளே போய் ஆடுவார். காசு போயிற்று, பண்ணைகள் போயின. எதிரில் உட்கார்ந்திருந்தவன் சொன்னான், 'இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, உங்கள் மனைவி.' அவளையும் வைத்தார், தோற்றார். எதிரில் இருந்தவன் யாரென்று உங்களுக்கே தெரிந்திருக்கும், சாத்தான். இன்றும் நள்ளிரவில் அங்கி போர்த்த உருவம் ஒன்று இந்தக் கதவுகளைத் தட்டிக்கொண்டு போகிறதாம்.

மனைவியைப் பணயம் வைக்கும் சூதாட்டம் நமக்குப் புதிதா என்ன? பாஞ்சாலிக்குக் கேட்க ஒரு கேள்வி இருந்தது. இந்தக் கதையில் அந்த அம்மாவுக்கு ஒரு வசனம்கூட இல்லை.

அடுத்து பொசிதோஸ் தெரு. நிற்க வேண்டாம், நடந்துகொண்டே கேளுங்கள். ஓவியர் தியேகோ ரிவேரா 1886இல் பிறந்த வீடு இந்தத் தெருவில்தான் இருக்கிறது. கடவுள் இல்லை என்ற ரிவேராவை இந்தப் பக்தி மிகுந்த ஊர் ரொம்ப காலம் தன் பிள்ளை என்று சொல்லிக்கொள்ளவில்லை. இப்போது அந்த வீடு அருங்காட்சியகம்.

(காட்சி: மாபெரும் கல் கட்டடம். ஜன்னல்கள் சிறியவை, உயரத்தில். கேமரா மூலைக்கு நகர்கிறது.)

இதற்கு முன்னால் நிற்கலாம். அலோந்திகா. பார்த்தால் கோட்டை, கட்டியது தானியக் கிடங்காக. 1809இல் வேலை முடிந்தது. அடுத்த வருஷமே கலவரம் வந்துவிட்டது.

1810 செப்டம்பர் 16, தொலோரெஸ் என்ற ஊரில் மிகெல் இடால்கோ என்ற பாதிரியார் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டினார். பன்னிரண்டு நாள் கழித்து, செப்டம்பர் 28, அந்தக் கூட்டம் இங்கே வந்து நின்றது. ஆளுநர் ரியான்யோ, ஊரிலிருந்த ஸ்பானியர்களையும் அவர்கள் சொத்தையும் இந்தக் கிடங்குக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். மேலிருந்து துப்பாக்கிச் சூடு. கீழிருந்து கதவை நெருங்கவே முடியவில்லை. ரியான்யோவே தொடக்கத்தில் குண்டு பட்டு இறந்துபோனார், ஆனால் கதவு திறக்கவில்லை.

அப்போதுதான் பீபிலா வருகிறார். சுரங்கத் தொழிலாளி. ஒரு பெரிய கற்பலகையை முதுகில் கட்டிக்கொண்டு, கையில் தீப்பந்தமும் தாரும் எடுத்துக்கொண்டு, குண்டுமழைக்குள் தவழ்ந்துபோய்க் கதவுக்குத் தீ வைக்கிறார். கதவு எரிந்து விழுந்தது. உள்ளே புகுந்த கூட்டம் யாரையும் விட்டுவைக்கவில்லை என்றே சொல்லலாம். அந்தப் பகுதியை வழிகாட்டிகள் கொஞ்சம் வேகமாகத் தாண்டிவிடுவார்கள்.

பீபிலா உண்மையிலேயே இருந்தாரா? இந்த ஊரில் இதைக் கேட்டால் முகம் மாறும். எதிரே மலைமேல் பாருங்கள், விளக்கு வெளிச்சத்தில் தீப்பந்தம் தூக்கி நிற்கிறாரே, அவர்தான். 1939இல் வைத்த சிலை. 'தீ வைக்க இன்னும் வேறு அலோந்திகாக்கள் இருக்கின்றன' என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் வரலாற்றாசிரியர் லுகாஸ் அலமான் இந்த ஊர்க்காரர், அன்று 17 வயதுப் பையனாக இங்கேயே இருந்தவர். பீபிலா என்ற பெயரையே குவானஹுவாதோவில் யாரும் அறியார் என்று பின்னாளில் எழுதிவிட்டார். பீபிலாவைப் பற்றி எழுதிய இன்னொரு வரலாற்றாசிரியர் புஸ்தமாந்தே, புரட்சியின் ஆள். அலமானோ அந்தக் கூட்டத்தைக் கண்டு நடுங்கிய பணக்காரக் குடும்பத்துப் பிள்ளை. ஆளுக்கொரு காரணம் இருந்தது.

என் கணக்கு வேறு. இந்த ஊர்ச் சுரங்கங்களில் 'தெனதேரோ' என்று ஒரு வேலை உண்டு. தாதுவை மூட்டையாக முதுகில் ஏற்றி, பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு, இருட்டில் நூற்றுக்கணக்கான படி ஏறி மேலே கொண்டுவருவது. 1803இல் இங்கே வந்த ஜெர்மன் அறிஞர் ஹம்போல்ட், ஒரு ஆள் நூறு கிலோவுக்கு மேல் சுமப்பதைப் பார்த்து வியந்து எழுதினார். முதுகில் கல்லோடு குனிந்து நடப்பது இந்த ஊரில் ஆயிரம் பேருக்கு அன்றாடப் பிழைப்பு. அன்று கதவுக்குப் போனது ஒருவரா பத்துப் பேரா என்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

இப்போது தலையைத் தூக்கிக் கட்டடத்தின் மூலையைப் பாருங்கள். ஒரு பெயர் தெரிகிறதா? நாலு மூலையிலும் நாலு பெயர்: இடால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ். 1811இல் பிடிபட்டுச் சுட்டுக் கொல்லப்பட்ட தலைவர்கள். அவர்களின் தலைகளை இரும்புக் கூண்டுகளில் வைத்து இந்த மூலைகளில் தொங்கவிட்டார்கள். சந்தைக்குப் போகிறவர்களும் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளும் 1821 வரை, பத்து வருஷம், அவற்றுக்குக் கீழேதான் நடந்தார்கள். இந்த இடத்தில் பேய்க்கதை எதற்கு?

(காட்சி: சந்தைக்குப் பக்கத்துக் கடை. செல்லோஃபேன் தாளில் சுற்றிய, முறுக்கிய பழுப்பு மிட்டாய்கள். கேமரா நெருங்குகிறது: மிட்டாய்க்கு முகம் இருக்கிறது.)

சாராமுஸ்கா. சர்க்கரைப் பாகைக் காய்ச்சி, இழுத்து, முறுக்கிச் செய்வது. உற்றுப் பார்த்தால் ஒடுங்கிய தலை, மடக்கிய கை. மம்மி! குழந்தைகள் காலிலிருந்து கடிக்கத் தொடங்குகிறார்கள்.

இந்த ஊரின் மம்மிகளை யாரும் தைலம் பூசிப் பதப்படுத்தவில்லை. மேட்டில் இருக்கும் சாந்தா பவுலா கல்லறையில் உடல்களைச் சுவரில் அடுக்கடுக்காகக் கட்டிய மாடங்களில் வைப்பார்கள். மலைக் காற்று காய்ந்தது, மாடத்துக்குள் சூடு. உடலின் ஈரம் போய்விடும், தோல் ஒட்டிக்கொள்ளும். மாடத்துக்குக் கட்டணம் உண்டு. குடும்பம் கட்டவில்லை என்றால் உடலை வெளியே எடுத்துவிடுவார்கள். 1865இல் அப்படி எடுத்தபோது, ரெமிகியோ லெரோய் என்ற பிரெஞ்சு மருத்துவர் உடுப்போடு காய்ந்த கோலத்தில் இருந்தார். முதல் மம்மி அவர்தான். வெளிநாட்டுக்காரர், கட்டணம் கட்ட இங்கே ஆள் இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக நூறுக்கும் மேல் சேர்ந்தன. பார்க்க ஆட்கள் வந்தார்கள், பார்வைக் காசும் வந்தது. உடல்களை இப்படி வெளியே எடுப்பது 1958இல்தான் நின்றது.

வழிகாட்டிகள் சொல்லும் கதை இக்னாசியா அகிலாருடையது. உயிரோடு புதைத்துவிட்டார்கள், மாடத்துக்குள் விழித்துக் கையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள் என்பார்கள். மற்ற மம்மிகளும் வாயைப் பிளந்து அலறுவது போலத்தான் இருக்கும். இறந்த பிறகு தாடைத் தசை தளர்ந்து வாய் திறந்துகொள்ளும், தோல் காய்ந்து சுருங்கும்போது இன்னும் இழுக்கும். அலறல் அல்ல அது. எனக்குப் பயம் தருவது வேறொன்று: கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்பவர்களில் பெரும்பாலோர் செய்த ஒரே குற்றம், செத்த பிறகு வாடகை பாக்கி வைத்ததுதான்.

(காட்சி: படிகள் ஏறும் குறுகிய சந்து. எதிரெதிரே இரண்டு பால்கனிகள், கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு.)

வரிசையில் நில்லுங்கள். ஆமாம், வரிசைதான். முத்தச் சந்துக்கு எப்போதும் கூட்டம். மிகக் குறுகிய இடத்தில் 68 சென்டிமீட்டர். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டித்தான் வழிவிட வேண்டும்.

கார்மென் ஒரு பணக்காரரின் ஒரே மகள். லூயிஸ் சாதாரண ஆள். கோயிலில் பார்த்துக்கொண்டார்கள். அப்பாவுக்குத் தெரிந்தது, மகளை வீட்டில் பூட்டினார். ஸ்பெயினில் ஒரு கிழட்டுச் சீமானுக்குக் கட்டிவைக்கிறேன் என்றார். லூயிஸ் கையில் இருந்ததையெல்லாம் போட்டு எதிர்வீட்டை வாங்கினான். பால்கனியில் நின்று கையை நீட்டினால் அவள் கை எட்டிவிடும். ஓர் இரவு அப்பா கதவை உடைத்துக்கொண்டு உள்ளே வந்து மகளின் மார்பில் கத்தியை இறக்கினார். லூயிஸ் பிடித்திருந்த கை குளிர்ந்துகொண்டே போயிற்று. அந்தக் கையில் அவன் கொடுத்ததுதான் கதையில் வரும் முத்தம். பிறகு லூயிஸ் வலென்சியானா சுரங்கக் குழியில் விழுந்து செத்துப்போனான் என்பார்கள்.

மூன்றாவது படிக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருக்கிறது. அதில் நின்று முத்தமிடும் ஜோடிக்கு ஏழு வருஷம் அதிர்ஷ்டம், முத்தமிடாமல் போனால் ஏழு வருஷம் துரதிர்ஷ்டம். மேலே பால்கனிக்குப் போய்ப் படம் எடுக்கக் காசு கொடுக்க வேண்டும். எல்லாரும் சிரித்துக்கொண்டே படம் எடுக்கிறார்கள். நம் ஊர்ச் செய்தித்தாளில் இதே கதை வந்தால் அதற்கு வேறு பெயர்: ஆணவக் கொலை. அந்தச் சொல் மனதில் வந்த பிறகு இந்தப் படியில் நின்று சிரிக்க எனக்கு வரவில்லை.

(காட்சி: மீண்டும் பசிலிக்கா முன். மணி பதினொன்று. ஊருக்கு மேலே கறுப்பாக ஒரு பாறைமலை.)

கடைசிக் கதையை வழிகாட்டி பசிலிக்காவின் படியில் உட்கார்ந்து சொல்கிறார். எதிரே தெரியும் மலை லா பூஃபா. வருஷந்தோறும் ஜூலை 31ஆம் தேதி ஊர் மக்கள் அங்கே குகைக்கு ஏறிப்போய்த் திருவிழா கொண்டாடுவார்கள். அந்தப் பாறைக்குள் ஓர் இளவரசி சிறைப்பட்டிருக்கிறாள். அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு இந்தப் பசிலிக்காவின் பீடம் வரை வந்துவிட்டால் சாபம் தீரும், முழுக்க வெள்ளியாலான பழைய நகரம் ஒன்று திரும்பி வரும். ஒரே நிபந்தனை, வழியில் திரும்பிப் பார்க்கக் கூடாது. பின்னாலிருந்து குரல்கள் வரும், பெயர் சொல்லிக் கூப்பிடும், மிரட்டும். ஒருவன் திரும்பினான். தோளில் இருந்தவள் பாம்பாகிவிட்டாள்.

வழிகாட்டி விளக்கை ஊதி அணைக்கிறார். யாரும் பேசவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்துப் பின்னால் சந்துக்குள்ளிருந்து கறுப்பு அங்கிக்காரர்களின் கிட்டார் சத்தம் படாரென்று எழுகிறது. இருபது பேரும் ஒன்றாகத் திரும்பிப் பார்க்கிறோம்.