மரக்கானா மைதானம் சுருங்கிவிட்டதா?

அடுத்த கேள்வி. “மரக்கானாவில் ஒரு காலத்தில் 2 லட்சம் பேர் ஆட்டம் பார்த்தார்கள் என்கிறீர்கள். இப்போது 78 ஆயிரம் இருக்கைதான் இருக்கிறது. இடித்துவிட்டுச் சின்னதாகக் கட்டிவிட்டார்களா?”

இல்லை. பிரேசிலின் ரியோ நகரில் இருக்கும் இந்தக் கால்பந்து மைதானத்தை வெளியே நின்று பார்த்தால் அன்றிருந்த அதே பெரிய வட்டம்தான். மாறியதெல்லாம் உள்ளே.

அந்த 2 லட்சம் எந்த ஆட்டத்துக்கு என்றால், 1950 ஜூலை 16, பிரேசிலும் உருகுவேயும் மோதிய உலகக் கோப்பையின் கடைசி ஆட்டம். டிக்கெட் வாங்கி உள்ளே போனவர்களே 1,73,850 பேர். டிரா செய்திருந்தாலே பிரேசிலுக்குக் கோப்பை. 1-2 என்று தோற்றார்கள். சரி, அந்தச் சோகத்தைத் தனி வீடியோவில் பேசலாம்.

அத்தனை பேர் எப்படி அடங்கினார்கள்? ஆளுக்கொரு நாற்காலி என்று வைத்தால்தானே கணக்கு இடிக்கும். மேல் அடுக்கில் பெரும்பாலும் வெறும் கான்கிரீட் படிகள், நெருக்கி உட்கார வேண்டியதுதான். கீழே, களத்தைச் சுற்றி ‘ஜெரால்’ என்று ஒரு பகுதி. அங்கே நின்றபடிதான் பார்க்க வேண்டும். இருப்பதிலேயே மலிவான டிக்கெட் அதற்குத்தான். களத்தின் மட்டத்திலேயே நிற்பதால் எதிர்ப்பக்கம் நடப்பது பாதி தெரியாது. ஆனாலும் விதவிதமாக வேடம் கட்டிக்கொண்டு வந்து கூத்தடித்த ரசிகர்கள் அங்கேதான் இருந்தார்கள்.

1992இல் ஃபிளமெங்கோ – போட்டஃபோகோ என்ற இரண்டு ரியோ கிளப்புகளின் ஆட்டத்தின்போது மேல் அடுக்கின் தடுப்புக் கம்பி உடைந்து ரசிகர்கள் கீழே விழுந்தார்கள். 3 பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் கூட்டத்தைக் குறைத்து, படிப்படியாக இருக்கைகள் போட்டார்கள். 2005இல் ஜெராலையும் எடுத்துவிட்டார்கள். பாதுகாப்புக்கு அது தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் கையில் காசில்லாதவனுக்கு வேறு இடம் எதையும் ஒதுக்கியிருக்கலாமே என்று எனக்குத் தோன்றும்.

பெரிய வேலை நடந்தது 2014 உலகக் கோப்பைக்காக. 2010இல் தொடங்கினார்கள். உள்ளே இரண்டு அடுக்காக இருந்ததை மாற்றி ஒரே சரிவாக்கினார்கள். பழைய கான்கிரீட் கூரையை வைத்துக்கொள்ளத்தான் முதலில் நினைத்தார்கள். சோதித்தால் கம்பியெல்லாம் துருப்பிடித்து வலுவிழந்திருந்தது. மொத்தமாக இடித்துவிட்டு, சைக்கிள் சக்கரத்தில் கம்பிகள் இழுத்துப் பிடிக்கிற மாதிரி வடங்களை இழுத்துக் கட்டி, அதன்மேல் கண்ணாடியிழைத் துணியைப் போர்த்தினார்கள். பழைய கூரை இருக்கைகளில் ஒரு பகுதிக்குத்தான் நிழல் தந்தது, இது ஏறக்குறைய எல்லோருக்கும் தருகிறது. 2013 ஜூனில் இங்கிலாந்தோடு 2-2 என்று முடிந்த ஆட்டத்தோடு பிரேசில் அணி அங்கே திரும்பியது.

வெளித் தூண்களை மட்டும் தொடவில்லை. அவை பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டவை. நீங்கள் படத்தில் பார்த்துவிட்டு “அதே கட்டடமா?” என்று குழம்புவது அதனால்தான்.