கடைசி வரிசைக்கும் பேச்சு: புரட்சிகரத் தொழிலாளர் அரசியலுக்கு ஒரு திறந்த விவாத வெளி

[காட்சி: வரிசையாக நாற்காலிகள், முன்னால் மேசை, ஒலிவாங்கி]

அழைப்பிதழில் 'திறந்த விவாதம்' என்று போட்டிருக்கும். ஆறு மணிக் கூட்டம் ஆறரைக்குத் தொடங்கும். தலைமையுரை, முன்னிலையுரை, சிறப்புரை என்று ஒன்றரை மணி நேரம் ஓடிவிடும். கேள்விகளுக்கு மிஞ்சுவது பத்து நிமிடம். அதிலும் முதலில் எழுந்து நிற்பவர் வேறொரு அமைப்பின் தோழர். கேள்வி கேட்பதாகச் சொல்லித் தன் அமைப்பின் நிலைப்பாட்டை ஒப்பிப்பார். மேடையிலிருந்து சூடாகப் பதில் வரும். பிறகு நன்றியுரை. இரவுப்பணி முடித்து, தூக்கத்தைத் துறந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தொழிலாளி ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிப் போவார். அத்தனை உரைகளும் அவரைப் பற்றியவைதான்.

தொழிலாளி வர்க்கத்தின் விடுதலை அந்த வர்க்கத்தாலேயே சாத்தியம் என்று சொல்லும் அரசியலில், அந்த வர்க்கத்துக்குப் பேச இடம் கிடைப்பது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது? அந்த இடத்தை எப்படி உண்டாக்குவது? இந்த வீடியோ அதைப் பற்றியது. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதவைத் திறந்து வைத்தால் மட்டும் விவாதம் திறந்ததாகிவிடாது. பேசும் நேரத்தைப் பங்கிட விதி வேண்டும். அந்த விதி பேச்சுத்திறன் உள்ளவர்களைத்தான் முதலில் கட்டுப்படுத்த வேண்டும்.

[காட்சி: 18ஆம் நூற்றாண்டு லண்டன் தெரு, மதுவிடுதி]

1792 ஜனவரி, லண்டன். ஸ்ட்ராண்ட் தெருவை ஒட்டிய ஒரு மதுவிடுதியில் ஒன்பது பேர் கூடுகிறார்கள். கூட்டியவர் தாமஸ் ஹார்டி. நாவலாசிரியர் ஹார்டி அல்ல, அவருக்கு முந்தியவர். காலணி செய்து பிழைத்தவர். அங்கே உருவானதுதான் லண்டன் கடிதத் தொடர்புச் சங்கம். கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் தொழிலாளிகளுமான நமக்கு நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்க உரிமை உண்டா என்ற ஒரே கேள்வியை அவர்கள் ஐந்து இரவுகள் தொடர்ந்து விவாதித்தார்கள். கோரிக்கை என்ன, எப்படிப் போராடுவது என்பதெல்லாம் அப்புறம்தான். வாக்குரிமையே இல்லாதவர்கள் முதலில் தங்களுக்கே விடை சொல்லிக்கொள்ள வேண்டியிருந்த கேள்வி அது.

அவர்கள் எழுதிவைத்த முதல் விதி, உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பில்லை என்பது. கனவான்களின் சங்கங்கள் உயர்ந்த சந்தா வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த காலத்தில் இவர்கள் வாரத்துக்கு ஒரு பென்னி வாங்கினார்கள். கூட்டம் பெருகியபோது ஒரே மண்டபத்தில் அடைக்காமல், முப்பது பேர் அளவிலான கிளைகளாகப் பிரித்தார்கள். முப்பது பேர் இருக்கும் அறையில் ஒலிவாங்கி தேவைப்படாது என்பது சின்ன விஷயம் இல்லை. ஒலிவாங்கி வந்துவிட்டால் மேடை வந்துவிடும், மேடைக்குப் பின்னாலேயே பொன்னாடையும் வந்துவிடும்.

இந்தச் சங்கத்தில் 1794இல் சேர்ந்தவர் பிரான்சிஸ் பிளேஸ், தோல் கால்சட்டை தைக்கும் தொழிலாளி. கிளையின் வாசிப்புக் கூட்டம் எப்படி நடந்தது என்று அவர் பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். எனக்குத் தெரிந்து இதைவிடச் சிறந்த நடைமுறைக் கையேடு கிடையாது. ஒரு புத்தகம் வாரம் முழுக்க உறுப்பினர்களின் வீடுகளில் கைமாறிக்கொண்டிருக்கும். ஞாயிறு மாலை கூடும்போது தலைவர் அதிலிருந்து ஒரு பகுதியை உரக்க வாசிப்பார். தலைமைப் பொறுப்பு முறை வைத்து ஒவ்வொருவருக்கும் வரும். வாசித்து நிறுத்தியதும் கருத்துச் சொல்ல அழைப்பார். மீண்டும் ஒரு பகுதி, மீண்டும் அழைப்பு. கடைசியில் பொது விவாதம். அதில் ஒரு விதி கறாராக இருந்தது: பேச விரும்பிய அனைவரும் ஒருமுறை பேசி முடிக்கும்வரை யாரும் இரண்டாம் முறை பேசக்கூடாது.

இந்த ஒரு விதியை நம் கூட்டங்களில் பொருத்திப் பாருங்கள். வழக்கமாகப் பேசுபவர் தன் ஒரு முறையை முதல் ஐந்து நிமிடத்திலேயே செலவழித்துவிட்டால், அதற்குமேல் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். விவரம் தெரிந்தவராக இருந்தால் கடைசிவரை கையைத் தூக்க மாட்டார். அந்த இடைவெளியில் ஒரு மௌனம் விழும். தலைமை தாங்குபவருக்கு இதுதான் சோதனை. பதற்றத்தில் மௌனத்தை நிரப்பப் புறப்பட்டால் எல்லாம் பாழ். ஒரு நிமிடம் பொறுத்தால், தயங்கிக்கொண்டிருந்த யாராவது ஒருவர் தொண்டையைச் செருமுவார். அவர் பேசுவது கோவையாக இராது. கோட்பாட்டுச் சொற்கள் வராது. உற்பத்தி இலக்கை ஏற்றியபோது தன் பிரிவில் என்ன நடந்தது, மேற்பார்வையாளர் யாரை முதலில் தன் பக்கம் இழுத்தார் என்று சொல்வார். அன்றைய கூட்டத்தில் புத்தகத்தில் இல்லாத செய்தி அது ஒன்றாகத்தான் இருக்கும்.

[காட்சி: சுருட்டுத் தொழிற்சாலை, மேசை வரிசைகள், உயரமான இருக்கையில் ஒருவர் செய்தித்தாளுடன்]

வாசிக்க நேரம் எங்கே என்று கேட்கலாம். ஹவானாவின் சுருட்டுத் தொழிலாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள். சுருட்டு சுற்றும்போது கைக்குத்தான் வேலை, காது சும்மா இருக்கிறது. 1865இல் எல் பிகாரோ என்ற தொழிற்சாலையில் ஒருவர் நாளிதழும் நூல்களும் உரக்க வாசிக்க, மற்றவர்கள் வேலை செய்தபடியே கேட்டார்கள். வாசிப்பவருக்கான கூலியைத் தொழிலாளர்களே தங்களுக்குள் போட்டுக் கொடுத்தார்கள். பணம் அவர்களுடையது என்பதால் எதை வாசிப்பது என்பதிலும் அவர்கள் சொல் செல்லுபடியானது. எழுத்தறியாதவரும் அரசியல் தெரிந்தவரானார். அடுத்த ஆண்டே ஸ்பானியக் காலனி அரசு இதற்குத் தடை போட்டது. வேலைக்குத் தொடர்பில்லாத வாசிப்பாலும் விவாதத்தாலும் தொழிலாளர் கவனம் சிதறக் கூடாதாம்! தடைக்குத் தப்பிய பழக்கம் கடல் கடந்து ஃபுளோரிடாவின் டம்பா நகரத்துக்கும் போனது. அங்கே 1931இல் முதலாளிகள் வாசிப்போரை வெளியேற்றினார்கள். வேலைநிறுத்தம் வந்தது, தோற்றது. பிற்பாடு அந்த இடத்தை ரேடியோ பிடித்துக்கொண்டது. முதலாளிக்கு ரேடியோவால் ஒரு தொல்லையும் இல்லை. தொழிலாளர் காசில் ஓடாத எதையும் தொழிலாளர் ஆட்டுவிக்க முடியாது.

சரி, கதவைத் திறந்தால் உளவாளி வரமாட்டானா?

வருவான். லண்டன் சங்கத்துக்குள்ளும் வந்தான். ஹார்டி 1794 மே மாதம் ராஜதுரோகக் குற்றச்சாட்டில் கைதானார். நவம்பரில் நடுவர் குழு அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. 1799இல் அந்தச் சங்கத்தைப் பெயர் சொல்லியே தடை செய்தது ஒரு சட்டம். ஆபத்து கற்பனை இல்லை. ஆனால் கதவைச் சாத்தினால் தப்பிக்கலாம் என்பவர்கள் ரோமான் மலினோவ்ஸ்கியின் கதையைப் படிக்க வேண்டும். உலோகத் தொழிலாளி, சிறந்த பேச்சாளர், லெனின் தலைமையிலான ரஷ்யப் புரட்சிக் கட்சியான போல்ஷ்விக் கட்சியின் மத்தியக் குழு உறுப்பினர், 1912இல் ரஷ்ய நாடாளுமன்றமான டூமாவுக்குத் தேர்வாகி அங்கே போல்ஷ்விக்குகளுக்குத் தலைமை ஏற்றவர். கூடவே ஜார் அரசின் ரகசியப் போலீசிடம் சம்பளம் வாங்கியவர். அவருடைய டூமா உரைகளை முன்கூட்டியே போலீஸ் அதிகாரிகள் திருத்திக் கொடுத்தார்கள். லெனின் கடைசிவரை அவரைச் சந்தேகிக்க மறுத்தார். 1917 புரட்சிக்குப் பிறகு காவல்துறைக் கோப்புகள் திறந்தபோதுதான் உண்மை வெளிவந்தது. உலகிலேயே மிக இறுக்கமாக மூடப்பட்ட கட்சியின் உச்சியில் உட்கார்ந்திருந்தான் உளவாளி.

ஆகவே எது பொதுவில் பேசத்தக்கது, எது இல்லை என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு உதவும். கூலி, வர்க்கம், அரசு, சங்கத் தலைமையின் தவறு, புரட்சியின் வழி என எதையும் பேசலாம். எந்தத் தொழிற்கூடத்தில் யார் ரகசியமாகச் சங்கம் கட்டுகிறார்கள் என்பது அந்த அறைக்குரிய பேச்சில்லை. பெயர்ப் பட்டியல் வேண்டாம். முதலாளியின் ஆள் என்று தெரிந்தவருக்கு இடமில்லை. சாதி, மதம், பாலினம் சொல்லி இழிவுபடுத்துபவருக்கும் இல்லை. அவர் பேசினால் வாயடைத்துப் போவது தொழிலாளிகளில் ஒரு பாதி. அதே சமயம், ஆதாரமில்லாமல் 'உளவாளி' என்று பட்டம் கட்டுவதை நான் அதைவிடக் கடுமையாகத் தடுப்பேன். எந்த உளவாளியும் செய்ய முடியாத நாசத்தை அந்த ஒரு சொல் செய்துவிடும்.

[காட்சி: மாஸ்கோ, 1921 மார்ச். கறுப்பு வெள்ளை மாநாட்டுப் படம்]

வெளியிலிருந்து வரும் அடக்குமுறை ஒரு பக்கம். புரட்சியாளர்களே தங்கள் விவாதத்தைச் சாத்திய கதை இன்னொரு பக்கம். ஆட்சிக்கு வந்துவிட்ட போல்ஷ்விக்குகளின் கட்சியான ரஷ்யக் கம்யூனிஸ்ட் கட்சியின் 10ஆவது காங்கிரஸ், அதாவது மாநாடு, கூடுகிறது. மூன்றாண்டு உள்நாட்டுப் போர், பஞ்சம், கிரோன்ஸ்டாட் கடற்படைத் தளத்தில் கிளர்ச்சி. கட்சிக்குள் உலோகத் தொழிலாளி ஷ்லியாப்னிக்கோவும் அலெக்சாந்த்ரா கொல்லந்தாயும் தலைமை தாங்கிய 'தொழிலாளர் எதிர்ப்பணி', உற்பத்தி நிர்வாகம் தொழிற்சங்கங்களின் கையில் இருக்க வேண்டும் என்று வாதிடுகிறது. காங்கிரசில் லெனின் முன்வைத்த தீர்மானம் கட்சிக்குள் இருந்த அத்தனை கோஷ்டிகளையும் கலைக்கச் சொன்னது. விவாத இதழை இன்னும் ஒழுங்காக வெளியிட வேண்டும் என்றும் அதே தீர்மானத்தில் ஒரு வரி இருந்தது. ஏழாவது பிரிவு மட்டும் ரகசியமாக வைக்கப்பட்டது: மத்தியக் குழு உறுப்பினரைக்கூடக் கட்சியிலிருந்து நீக்கலாம் என்றது அது.

கட்சித் தலைவர்களில் ஒருவரான கார்ல் ராடெக் எழுந்து, இந்தத் தீர்மானம் நாளை நம் மீதே திரும்பக்கூடும் என்று தோன்றுகிறது, ஆனாலும் ஆதரிக்கிறேன் என்ற பொருளில் பேசினார். ஆபத்தை இவ்வளவு தெளிவாகக் கண்டுவிட்டு இவ்வளவு கட்டுப்பாட்டோடு கை தூக்கிய மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை. ரகசியப் பிரிவை 1924 ஜனவரியில் ஸ்டாலின் வெளியிட்டார். 1927இல் புரட்சியின் முன்னணித் தலைவர்களான டிராட்ஸ்கியும் ஜினோவியேவும் கட்சியிலிருந்து நீக்கப்பட்டார்கள். ராடெக்கும் அதே ஆண்டில் நீக்கப்பட்டார். திரும்பச் சேர்க்கப்பட்டும் சிறையில்தான் இறந்தார். ஷ்லியாப்னிக்கோவ் 1937இல் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாத் தீமையும் அந்தத் தீர்மானத்திலிருந்தே முளைத்தது என்று நான் சொல்ல வரவில்லை. முற்றுகையும் பஞ்சமும் பொய்யில்லை. ஆனால் நெருக்கடி தீர்ந்ததும் விவாதத்தைத் திறந்துகொள்ளலாம் என்று நம்பியவர்களுக்கு நெருக்கடி தீரவே இல்லை.

இதற்கு எதிர்வினையாக, தலைமையே வேண்டாம், விதியே வேண்டாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. 1970 வாக்கில் அமெரிக்கப் பெண்ணியக் குழுக்களின் அனுபவத்திலிருந்து ஜோ ஃப்ரீமன் இதற்கு விடை சொன்னார்: வெளிப்படையான தலைமை இல்லாத இடத்தில் மறைவான தலைமை இருக்கும். நண்பர் வட்டம் முன்பே பேசி முடித்துவிட்டு வரும். கேள்வி கேட்கலாம் என்றால் பொறுப்பாளர் என்று யாருமே இல்லை. ஆகவே பொறுப்பு வேண்டும், அது முறை வைத்து மாற வேண்டும்.

விவாத வெளியையும் முடிவெடுக்கும் அமைப்பையும் ஒன்றாக்கிவிடாதீர்கள் என்பது என் வாதத்தின் அடுத்த பாதி. வேலைநிறுத்தம் செய்வதா இல்லையா என்பதற்கு வாக்கெடுப்பு வேண்டும், முடிவு எல்லோரையும் கட்டுப்படுத்த வேண்டும். அது சங்கத்தின் வேலை. விவாத வெளியில் தீர்மானம் போட்டால் பெரும்பான்மை சேர்க்கும் போட்டி தொடங்கிவிடும். ஒவ்வொரு அமைப்பும் ஆள் திரட்டிக்கொண்டு வரும். வாக்கெடுப்பு இல்லாத இடத்தில் மனம் மாறுவது அவமானமாகாது.

இதெல்லாம் வெறும் பேச்சு, செயல் எங்கே என்று கேட்கும் தோழர்கள் 1905இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் உருவான சோவியத்தை, அதாவது தொழிலாளர் பிரதிநிதிகள் மன்றத்தை, பார்க்கலாம். அக்டோபர் வேலைநிறுத்தத்தில் பிறந்து ஐம்பது நாட்களே வாழ்ந்தது. ஐந்நூறு தொழிலாளர்களுக்கு ஒரு பிரதிநிதி. ஐந்நூறு பேர் கூடி, பேசி, ஒருவரைப் பொறுக்கி அனுப்ப வேண்டும் என்றால், கூட்டம் நடத்தவும் மறுத்துப் பேசவும் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பட்டறையிலும் இருந்தாக வேண்டும். அந்தப் பழக்கத்தை வேலைநிறுத்தம் வெடித்த அன்று காலையில் கற்றுக்கொள்ள முடியாது.

[காட்சி: வெற்றுக் குறிப்பேடு, பேனா]

தொடங்க நினைப்பவர்களுக்கு: முப்பது பேருக்கு மேல் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். பணிமுறை மாறுபவர்களுக்காக ஒரே தலைப்பை இரண்டு வேளையில் நடத்துங்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் முறை வைத்து வரட்டும், ஆண்களுக்கும். இல்லையேல் பாதி வர்க்கம் வாசலோடு நின்றுவிடும். முதல் கூட்டத்துக்குப் 'புரட்சியின் கட்டம் என்ன' என்ற தலைப்பு வேண்டாம். நம் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளியும் நிரந்தரத் தொழிலாளியும் ஏன் ஒன்றாக நிற்பதில்லை என்று தொடங்கினால், மூன்றாவது கூட்டத்தில் அரசும் வர்க்கமும் தாமாகவே வந்து உட்காரும். குறிப்பெடுப்பவர் பெயர்களை விட்டுவிட்டு வாதங்களை மட்டும் எழுதட்டும், தோற்ற வாதத்தையும் சேர்த்து. அடுத்த கூட்டம் அந்தக் குறிப்பை வாசித்துத் தொடங்கட்டும். அறை வாடகைக்கு உண்டியல் வையுங்கள். கணக்கை ஒவ்வொரு முறையும் உரக்கப் படியுங்கள். வாடகையை மொத்தமாக ஏற்றுக்கொள்கிறேன் என்று ஒரு புரவலரோ ஓர் அமைப்போ முன்வந்தால், நன்றி சொல்லிவிட்டு மறுத்துவிடுங்கள்.