போலீசைத் தட்டிக் கேட்பது யார்?

அவைத் தலைவர் அவர்களே, தலைமை விருந்தினராக வந்திருக்கும் ஓய்வு பெற்ற காவல்துறை உயர் அதிகாரி ஐயா அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் வழக்கறிஞர் பெருமக்களே, பேராசிரியர்களே, எனக்கு முன்னால் பேசி என் நேரத்திலும் கொஞ்சம் கடன் வாங்கிக்கொண்ட நண்பரே, இடம் கிடைக்காமல் பின்னால் நிற்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். யாரையாவது விட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பேசப்போவது போலீசைப் பற்றி. முதல் வரிசையின் கோபத்தோடு அதைத் தொடங்க எனக்குத் துணிச்சல் இல்லை.

அழைப்பிதழில் 'பல நாடுகளில் காவல்துறை' என்று போட்டிருக்கிறார்கள். நான்கு விஷயங்களைக் குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன். காவல்துறை யாருக்குக் கட்டுப்பட்டது, கையில் என்ன வைத்திருக்கிறது, எத்தனை நாள் படிக்கிறது, அதில் பெண்களின் இடம் என்ன. நான்கையும் சொல்லி முடிப்பேனா என்பது தலைவர் கையில் இருக்கும் மணியைப் பொறுத்தது.

தட்டிக் கேட்க ஆள் இல்லாவிட்டால் தம்பி சண்டப் பிரசண்டன். ஆரம்பித்துவிட்டான் என்று சிலர் சிரிப்பது தெரிகிறது. எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் இறங்குவதில்லை.

லண்டனில் 1829 செப்டம்பர் 29 அன்று, அப்போதைய உள்துறை அமைச்சர் ராபர்ட் பீலின் புதிய போலீஸ் தெருவில் இறங்கியது. ராணுவம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக ராணுவத்தின் சிவப்பை விட்டுவிட்டு நீலச் சட்டை. தலையில் உயரத் தொப்பி, கையில் தடி. துப்பாக்கி கிடையாது. முதல் எண் யாருக்குக் கிடைத்ததோ அந்தக் காவலர் குடித்திருந்ததற்காக முதல் நாளே வேலையை இழந்தார். சிரிக்காதீர்கள், எந்த நல்ல காரியமும் அப்படித்தான் தொடங்குகிறது.

மக்களுக்கு அந்தப் போலீசைப் பிடிக்கவில்லை. எவ்வளவு பிடிக்கவில்லை என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. கொஞ்சம் நீளம்தான். தலைவர் அனுமதிக்க வேண்டும்.

1833 மே 13. லண்டனில் கோல்ட்பாத் ஃபீல்ட்ஸ் என்ற இடத்தில் ஓட்டுரிமை கேட்டு உழைக்கும் மக்கள் கூடுகிறார்கள். அரசு தடை போட்டிருந்த கூட்டம். போலீஸ் தடியோடு புகுந்தது. அந்தக் கலவரத்தில் ராபர்ட் கல்லி என்ற இளம் காவலர் கத்திக்குத்து பட்டு இறந்துபோனார். சரி, மரண விசாரணை நடக்க வேண்டுமே. பக்கத்தில் இருந்த ஒரு மதுக்கடையில்தான் விசாரணை. அந்தக் காலத்தில் அது வழக்கம். ஜூரிகள் 17 பேர், அக்கம்பக்கத்தில் கடை வைத்துத் தொழில் செய்பவர்கள். அவர்களுக்குத் தலைவர் ரொட்டி சுடுபவர்! சாட்சிகள் ஒவ்வொருவராக வந்து, போலீஸ் எப்படி அடித்தது, யார் யாரை அடித்தது என்று சொல்கிறார்கள். ஜூரிகள் எழுந்து போய்ப் பேசிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? இது நியாயமான கொலை!

விசாரணை அதிகாரி அதிர்ந்துபோனார். திரும்பப் போய் யோசித்துவிட்டு வாருங்கள் என்றார். போனார்கள், வந்தார்கள், அதையேதான் சொன்னார்கள். கலைந்துபோகச் சொல்லி முறையான எச்சரிக்கை எதுவும் படிக்கப்படவில்லை, மக்கள் சீண்டாமலே போலீஸ் மூர்க்கமாக நடந்துகொண்டது என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னார்கள். ரொட்டிக்காரர் அசையவே இல்லை. வெளியே கூட்டம் ஆரவாரம் செய்தது. பிறகு அந்த 17 பேருக்கும் பதக்கம் அடித்துக் கொடுத்தார்கள், படகில் உல்லாசப் பயணம் கூட்டிப் போனார்கள். மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது என்பது வேறு விஷயம்.

இறந்துபோன கல்லிக்காக நான் வருந்துகிறேன். அவருக்கும் மனைவி இருந்தாள். அந்த ஜூரிகள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கேட்பதற்கு முறையான வழி இல்லாதபோது மக்கள் முறைகேடான வழியில் கேட்கிறார்கள். அதே ஆண்டில் இன்னொன்றும் நடந்தது. பொபே என்ற போலீஸ் சார்ஜன்ட், ஏழை ஓவியன் என்று சொல்லிக்கொண்டு அந்தக் கூட்டத்தைக் கூட்டிய உழைப்பாளர் சங்கத்திலேயே சேர்ந்து, வேவு பார்த்ததோடு நிற்காமல் ஆட்களைத் தூண்டியும் விட்டிருந்தார். விஷயம் வெளியே வந்தது, நாடாளுமன்றம் ஒரு குழு போட்டு விசாரித்தது, பொபேயின் வேலை போயிற்று. பதக்கமும் இல்லை, படகும் இல்லை. கேட்டார்கள், பதில் கிடைத்தது.

இப்போது கடலைத் தாண்டி, அன்று பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த அயர்லாந்துக்கு வாருங்கள். அங்கேயும் போலீசுக்கு அடித்தளம் போட்டவர் இதே பீல்தான், 1814-ல். ஆனால் அங்கே வளர்ந்தது வேறு மாதிரியான போலீஸ். துப்பாக்கி உண்டு, குடியிருப்பு முகாமில், சொந்த மாவட்டத்தில் வேலை கிடையாது, உத்தரவு தலைநகரிலிருந்து வரும். ஆளப்படுபவன் நம்மவன் இல்லை என்றால் போலீசும் வேறு போலீஸ் ஆகிவிடுகிறது. காலனிகளுக்குக் கப்பலேறியது லண்டன் மாதிரி இல்லை, இந்த அயர்லாந்து மாதிரிதான். 1857-க்குப் பிறகு இந்தியாவில் எழுதப்பட்ட 1861 போலீஸ் சட்டத்தில் அந்த வாடை பலமாக அடிக்கும்.

அமெரிக்காவில் நேர் எதிர். மையம் என்ற ஒன்றே கிடையாது. ஏறக்குறைய 18,000 போலீஸ் அமைப்புகள். பத்துப் பேர்கூட இல்லாத அமைப்புகள் ஏராளம். ஷெரிஃப் என்ற மாவட்டக் காவல் தலைவர் தேர்தலில் நின்று ஓட்டுக் கேட்டு வருகிறார். ஓரிடத்தில் வேலையிழந்த காவலர் பக்கத்து ஊரில் போய்ச் சேர்ந்த கதைகளும் உண்டு. பயிற்சி பெரும்பாலும் சில மாதங்கள். நார்வேயில் மூன்று ஆண்டுப் பட்டப்படிப்பு. மூன்றாவது விஷயம் இதோடு முடிந்தது, நேரமில்லை.

ஜப்பானைப் பற்றிச் சொல்லாவிட்டால் விடமாட்டீர்கள். தெருமுனையில் 'கோபான்' என்று ஒரு சின்ன காவல் சாவடி. ஒரு மேசை, நாற்காலி, சுவரில் அந்தப் பகுதியின் பெரிய வரைபடம். வழி கேட்கப் போகலாம், தொலைந்த குடையைக் கேட்டும் போகலாம். காவலர் அவ்வப்போது வீடு வீடாக வந்து விசாரித்துவிட்டுப் போவார். சிங்கப்பூர் 1983-ல் இதைப் பார்த்துத்தான் குடியிருப்புச் சாவடிகளைத் தொடங்கியது. ஜப்பானைப் புகழ்கிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்வார்கள். நான் நிறுத்தமாட்டேன். அதே ஜப்பானில் குற்றச்சாட்டுப் பதிவாகும் முன்பே ஒரு வழக்குக்கு 23 நாள் வரை ஒருவரைக் காவலில் வைக்கலாம், அதுவும் பெரும்பாலும் போலீஸ் நிலைய அறையிலேயே. விசாரிக்கும்போது வழக்கறிஞர் பக்கத்தில் உட்கார உரிமை இல்லை. வெளியே குடையைத் தேடிக் கொடுக்கிற கைதான், உள்ளே என்ன செய்கிறது? தட்டிக் கேட்க ஆள் இல்லாவிட்டால் தம்பி சண்டப் பிரசண்டன். தம்பி நல்லவனாகவே இருந்தாலும்தான்.

ஐஸ்லாந்தில் 2013 டிசம்பரில் போலீஸ் ஒருவரைச் சுட்டுக் கொன்றது. குடியரசு ஆனது 1944-ல். அதற்குப் பிறகு போலீஸ் குண்டில் ஒருவர் இறந்தது அதுதான் முதல் முறை. முதலில் சுட்டதே இறந்தவர்தான், போலீஸ் மீது. இருந்தும் காவல்துறைத் தலைவர் மக்கள் முன்னால் வந்து வருத்தம் தெரிவித்தார். இதைப் படித்த அன்று நான் வேறு எதையும் படிக்கவில்லை.

முதல் மணி அடித்துவிட்டார்கள். நான் வந்த காரியத்துக்கு வருகிறேன்.

கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டன்டுகளுக்கும் பகை நிலவிய வட அயர்லாந்தில் பழைய போலீசில் கத்தோலிக்கர் பத்தில் ஒருவர்கூட இல்லை. பாதி ஊர் அந்தப் போலீசை எதிரிப்படை என்றே பார்த்தது. சமாதான ஒப்பந்தத்துக்குப் பின் 1999-ல், போலீசைச் சீர்திருத்த அமைத்த பேட்டன் குழு அறிக்கை கொடுத்தது. 2001-ல் புதுப் பெயர், புதுச் சின்னம், பத்தாண்டுக்கு ஆளெடுப்பில் கத்தோலிக்கர் பாதி, மற்றவர் பாதி. இதையெல்லாம் எல்லோரும் சொல்வார்கள். நான் பிடித்துக்கொள்வது வேறொன்றை. போலீஸ் பெயர் மாறுவதற்கு ஒரு வருடம் முன்பே, 2000-ல், புகாரை விசாரிக்கும் தனி அலுவலகம் திறந்துவிட்டது. அதற்குச் சொந்தப் புலனாய்வாளர்கள், அவர்களுக்குக் கைது செய்யவும் அதிகாரம். போலீஸ் மீதான புகாரைப் போலீசே விசாரிக்கும் வேலை அங்கே இல்லை. டென்மார்க்கும் 2012-ல் தனி அமைப்பு வைத்துக்கொண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2006-ல், போலீஸ் சீர்திருத்தம் கேட்டுப் போட்ட பிரகாஷ் சிங் வழக்கில் ஏழு கட்டளைகள் போட்டது. மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் புகார் ஆணையம் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. பல மாநிலங்கள் பெயருக்கு வைத்தன. சொந்தப் புலனாய்வாளர் இல்லாத ஆணையம் பல்லில்லாத வாய்தான். கோப்பைத் திரும்பப் போலீசுக்கே அனுப்பி அறிக்கை கேட்கும்.

இது போலீசுக்கு எதிரான பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பொய்ப் புகாரில் மாட்டிய நேர்மையான காவலரைக் காப்பாற்றவும் வெளி விசாரணைதான் உதவும். சக போலீஸ் கொடுக்கும் நற்சான்றிதழை யார் நம்புகிறார்கள்?

இரண்டாவது மணி. பெண் காவலர்கள் பற்றிச் சொல்ல நிறைய வைத்திருந்தேன், பிரேசிலில் 1985-லேயே பெண்களுக்கென்று தனிக் காவல் நிலையம் திறந்தார்கள். அதை அடுத்த கூட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம், அழைத்தால்.

புகார் ஆணையத்துக்குச் சொந்தப் புலனாய்வாளர் வேண்டும் என்ற மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். தலைமை விருந்தினர் ஐயாவிடம் மேடை ஏறும்போதே கேட்டேன். 'பேச்சைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்' என்றார். ஐயா, பேசிவிட்டேன். இதோ பேனா.