கூடியிருக்கிறது! – ஒரு பொங்கல் விழாப் பட்டிமன்ற உரை

நடுவர் அய்யா அவர்களுக்கும், மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் மாலை போடாத குறையாகப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் எதிரணி அண்ணன்களுக்கும், பொங்கல் விழாவுக்குக் குடும்பத்தோடு வந்திருக்கும் கோயம்புத்தூர் மக்களுக்கும் வணக்கமுங்க.

‘நவீன வசதிகளால் அம்மாவின் வேலை குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா?’ இதுதான் தலைப்பு. கூடியிருக்கிறது என்று சொல்ல வந்திருக்கிறேன். ரெண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினமும் அதை அனுபவிக்கிற அம்மாவாகத்தான் சொல்கிறேன்.

எதிரணியில் முதலில் பேசிய அண்ணன் தன் பாட்டியின் ஆட்டுக்கல்லைப் பற்றி உருக்கமாகச் சொன்னார். விடிவதற்குள் எழுந்து மாவாட்டி, உள்ளங்கை காய்த்துப்போன பாட்டி. இன்றைக்கு ஒரு சுவிட்சைப் போட்டால் மாவு தயார். உண்மைதான் அண்ணா, ஒரு வார்த்தைகூட மறுக்கமாட்டேன். 1955இல் மாவரைக்கும் கிரைண்டரை உருவாக்கிய சபாபதி இந்தக் கோயம்புத்தூர்க்காரர். ஊத்துக்குளிக் கல்லை வைத்துச் செய்கிற நம்ம ஊர்க் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்க ஆரம்பித்தபோது, அதுவரை அம்மியில் குனிந்தே கிடந்த எத்தனையோ பெண்களின் முதுகு நிமிர்ந்தது. அந்தக் கிரைண்டரை நானும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஆனால் அண்ணன் பாதிக் கதையைத்தான் சொன்னார். மீதிப் பாதி என்னிடம் இருக்கிறது.

அந்த ஆட்டுக்கல்லில் பாட்டி தனியாகவா உட்கார்ந்திருந்தார்? ஒருத்தர் குழவியைச் சுற்ற, எதிரில் உட்கார்ந்து மாவைத் தள்ளிவிட நாத்தனாரோ மகளோ இருப்பார்கள். விறகு பிளந்து போட்டது தாத்தா. கிணற்றில் தண்ணீர் சேந்தி அண்டாவை நிரப்பியது சித்தப்பா. மிளகாயும் மல்லியும் வெயிலில் காய்ந்ததும், சைக்கிள் கேரியரில் தூக்குப்போசியைக் கட்டிக்கொண்டு மாவு மில்லுக்குப் போனது அப்பா. கொத்தமல்லித்தழை இல்லையென்றால் கடைக்கு ஓடினது பையன். மீதிக் காசுக்குத் தேன்மிட்டாய் உண்டு என்பதால் சந்தோஷமாகவே ஓடினான். ஈரப் போர்வையைப் பிழிவதற்கு ஒரு முனையை அம்மா பிடிக்க, மறுமுனையை யாராவது வந்து பிடித்து முறுக்கியே ஆக வேண்டும். தனியாகச் செய்ய முடியாத வேலை என்பதால், அங்கே எப்போதும் இன்னொரு ஆள் இருந்தார்.

அப்புறம் வசதிகள் வந்தன. கேஸ் அடுப்பு வந்தது, தாத்தா விறகு பிளக்க வேண்டாம். மோட்டார் வந்தது, சித்தப்பா தண்ணீர் சேந்த வேண்டாம். மசாலாப் பொட்டலம் வந்தது, அப்பா மில்லுக்குப் போக வேண்டாம். பத்து நிமிடத்தில் வீட்டுக்கே மளிகை வருகிறது, பையன் கடைக்கு ஓட வேண்டாம். ஒவ்வொரு வசதியும் வீட்டில் ஒவ்வொருத்தரின் வேலையை வாங்கிக்கொண்டது. சரி, அந்தக் கேஸ் அடுப்புக்கு முன்னால் நிற்பது யாருங்க? மோட்டாரைப் போட்டுவிட்டு, தொட்டி நிரம்பி வழிவதற்குள் நிறுத்த ஓடுவது யார்? ‘எல்லாத்துக்கும்தான் மிஷின் இருக்கே, நீ ஒருத்தியே பார்த்துக்கலாமே’ என்று, ஐந்து பேர் செய்த வேலையை ஒருத்தி கையில் கொடுத்துவிட்டார்கள்.

துணி துவைக்கும் மிஷினிடம் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் அய்யா. எதிரணி அண்ணன் அதைப் பற்றி ஒரே வரியில் ‘போட்டா துவைச்சிரும்’ என்று முடித்துவிட்டார். அதனால் நான் விலாவாரியாகச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டு அழுக்குக் கூடையைக் கவிழ்த்தால் முதலில் விழுவது பெரியவனின் ஜீன்ஸ். ஒரு கால் உள்பக்கமாகவும் ஒரு கால் வெளிப்பக்கமாகவும் இருக்கும். பாக்கெட்டில் கையைவிட்டால் பஸ் டிக்கெட், பேனா மூடி, கசங்கின பத்து ரூபாய், எல்லாவற்றுக்கும் அடியில் சுருண்டு கிடக்கிற டிஷ்யூ பேப்பர். அந்த ஒரு டிஷ்யூ பேப்பர் மட்டும் கைக்குத் தப்பிவிட்டால் போதும், கறுப்பு பேன்ட் அத்தனையிலும் வெள்ளைத் துணுக்கு ஒட்டிக்கொள்ளும். சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கிள்ளி எடுக்க வேண்டும். வெள்ளைச் சட்டை தனி, சாயம் போகிற புதுச் சுடிதார் தனி, சின்னவளின் சாக்ஸுக்கு ஜோடி தேடுவது தனி. இத்தனையும் முடிந்த பிறகுதான் அண்ணன் சொன்ன அந்தச் சுவிட்சு வருகிறது.

துவைத்து முடித்ததும் மிஷின் ஒரு பாட்டுப் பாடும். வீட்டில் நாங்கள் நாலு பேர், நாலு பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். பெரியவன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், ‘அம்மா, மிஷின் கூப்பிடுது’ என்பான். என் வீட்டுக்காரர், ‘ஏம்மா, துணி ஆயிருச்சு போல’ என்பார். சின்னவள் என் முந்தானையைப் பிடித்து இழுத்தே சொல்லிவிடுவாள். மூன்று பேரும் அக்கறையோடுதான் சொல்கிறார்கள், அதில் சந்தேகமே இல்லை. எழுந்து போய்க் கதவைத் திறப்பது மட்டும் அம்மா.

இன்னொன்றையும் கவனியுங்கள். கல்லில் அடித்துத் துவைத்த காலத்தில் துணி அழுக்காகாமல் பார்த்துக்கொள்வது போட்டவர்களின் பொறுப்பு. என் அம்மா வீட்டில், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டு, மறுநாளும் அதையே போட்டுக்கொண்டு போனோம். மண்ணில் புரண்டு வந்தால் திட்டு விழும். இன்றைக்குக் கல்லூரிக்கு ஒன்று, ஜிம்முக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. ஒரு தடவை உடம்பைத் துடைத்த துண்டு நேராகக் கூடைக்குப் போகிறது. ‘மிஷின்தானே துவைக்குது?’ என்கிறார்கள். ஆமாம் சாமி, துவைக்கிறது மிஷின்தான். உலர்த்தி, எடுத்து, மடித்து, யார் அலமாரியில் எது என்று பிரித்து வைப்பது? எங்கள் வீட்டுக்கு அந்த மிஷின் இன்னும் வரவில்லை. துவைப்பது சுலபமானதும் துணி பெருகிவிட்டது. அரைப்பது சுலபமானதும் ஒரு சட்னி மூன்றாகிவிட்டது, அதை விரித்துச் சொல்ல நேரமில்லை.

இரண்டாவதாகப் பேசிய அண்ணன் செல்போன் கட்சி. கேஸ் பதிவு செய்வது, கரண்டு பில் கட்டுவது, காய்கறி வாங்குவது, எல்லாம் உள்ளங்கையில் என்றார். அண்ணா, முன்பெல்லாம் ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை அட்டையை எடுத்துக்கொண்டு ஈபி ஆபீஸ் வரிசையில் நின்றது யாருங்க? அநேகமாக ஆண்கள்தான். போனில் கட்டலாம் என்று ஆனதும் வரிசை போய்விட்டது. அந்த வேலை என் போனுக்கு வந்துவிட்டது.

கேஸ் சிலிண்டர் வருகிற நாளைச் சொல்கிறேன், கேளுங்கள். வாசலில் சிலிண்டரோடு தம்பி நிற்கிறார். ‘அக்கா, ஓடிபி சொல்லுங்க’ என்கிறார். பதிவு வீட்டுக்காரர் நம்பரில் இருக்கிறது, அவர் ஆபீஸில். அடுப்பில் தோசை. நான் கூப்பிட்டால் அவர் கட் செய்து, ‘மீட்டிங்’ என்று மெசேஜ் போடுகிறார். மறுபடி கூப்பிடுகிறேன். ரகசியக் குரலில், ‘எந்த ஓடிபி? மூணு வந்திருக்கே’ என்கிறார். ஒன்று பேங்க், ஒன்று பார்சல், ஒன்று கேஸ். ஒவ்வொன்றாக வாசிக்கச் சொல்லி, சரியானதைப் பிடித்து, தம்பியிடம் சொல்லி முடிப்பதற்குள் தோசை கருகிவிடுகிறது. முன்னால் ரசீதில் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்த வேலை இது. பாதுகாப்புக்காகத்தான் ஓடிபி வைத்திருக்கிறார்கள், அது வேண்டியதுதான். ஆனால் அந்தப் பாதுகாப்புக்கான ஓட்டம் யாருடையது என்பதுதான் என் கேள்வி.

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழு இருக்கிறதே, இங்கே இருக்கிற அம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு செய்தி வரும்: ‘நாளை குழந்தைகள் காய்கறி வேடத்தில் வரவும்.’ ஒன்பதரைக்குக் கத்தரிக்காய் உடுப்புக்கு எங்கே போவது? கீழே நாற்பது அம்மாக்கள் ‘ஓகே மிஸ்’ என்று போட்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் கிடக்கிற, ‘வேடம் வெள்ளிக்கிழமைக்கு மாற்றப்பட்டுள்ளது’ என்ற செய்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்தக் குழுவில் அப்பாக்களும் இருக்கிறார்கள். சத்தம் வராமல் அணைத்து வைத்திருக்கிறார்கள். அம்மா அணைத்து வைத்தால் குழந்தை மறுநாள் தனியாகக் கத்தரிக்காயாகப் போய் நிற்கும். அதனால் அணைப்பதில்லை.

நடுவர் அய்யா, இது என் வீட்டுக் கதை மட்டும் என்று எதிரணி தள்ளிவிடக் கூடாது. மத்திய அரசு நாடு முழுவதும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்துகிறது. 2024ஆம் ஆண்டுக் கணக்கின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளைக்கு 289 நிமிடம். ஆண்கள் 88 நிமிடம். அந்த 88 நிமிடம்கூட வேலையில் இறங்குகிற ஆண்களுக்கான கணக்குத்தான். நூறு ஆண்களில் 27 பேர்தான் இறங்குகிறார்கள், பெண்களில் 81 பேர். 2019 கணக்கெடுப்பில் பெண்களுக்கு 299 நிமிடம், ஆண்களுக்கு 97. அண்ணன் துள்ளி எழுந்து, ‘பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே!’ என்று சொல்லலாம். சரிங்கண்ணா, வைத்துக்கொள்ளுங்கள். அதே ஐந்து வருடத்தில் ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்திருக்கிறது. எங்களுக்குக் கிடைத்த லாபம் ஒரே ஒரு நிமிடம் அதிகம். அதைவிட, எந்தக் கணக்கெடுப்பிலும் நினைத்துக்கொண்டிருக்கிற நேரம் ஏறுவது கடினம். கை சப்பாத்தியைத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, பால் பாக்கி எவ்வளவு, அத்தைக்குச் சர்க்கரை மாத்திரை எத்தனை நாளைக்கு இருக்கிறது, பெரியவனின் தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசித் தேதி என்ன என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறதே, அந்த வேலையை எங்கே எழுதுவார்கள்?

இந்த இடத்தில் எதிரணி ஒரு வாதம் வைக்கும் என்று தெரியும். என் வீட்டிலேயே வைத்தார்கள். ‘ஒரு வார்த்தை சொன்னா செய்ய மாட்டோமா?’ செய்வீர்கள். நல்ல மனசு, நான் மதிக்கிறேன். ஆனால் சொல்வதற்கு நான் நினைவு வைத்திருக்க வேண்டும், நேரம் பார்த்துச் சொல்ல வேண்டும், செய்தாச்சா என்று மறுபடி கேட்க வேண்டும். உங்களுக்கு ஒரு வேலை, எனக்கு அதிலேயே மூன்று வேலை.

அதனால் போன ஆடி மாதம் எங்கள் வீட்டில் உட்கார்ந்து பேசினோம். சிலிண்டர் இனி முழுக்க என் வீட்டுக்காரர் பொறுப்பு. எப்போது தீரும் என்று கணிப்பது, பதிவு செய்வது, ஓடிபி, பணம், எல்லாமே. நான் நினைவுபடுத்த மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெரியவனுக்குத் துணி மிஷின், கூடையிலிருந்து அலமாரிவரை. முதல் தடவையே சோதனை வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பொங்கிக்கொண்டிருந்த பாலுக்கு அடியில் அடுப்பு அணைந்துவிட்டது, மாற்று சிலிண்டரும் காலி. அவர் என்னைப் பார்த்தார். நான் நாளிதழைப் பார்த்தேன். அன்றைக்குக் கடை இட்லி. அடுத்த வாரம் காலண்டரில் அவரே சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தார். இப்போதெல்லாம் சிலிண்டர் வந்து போவதே எனக்குத் தெரிவதில்லை. பெரியவனும் இப்போது தன் பாக்கெட்டைத் தானே காலி செய்கிறான், ஒரே துண்டை உலர்த்தி உலர்த்தி மூன்று நாள் பயன்படுத்துகிறான். கேஸ் பதிவு செய்கிற செயலி முன்பும் இருந்தது, அந்த மிஷின் முன்பும் இருந்தது. என் வேலையைக் குறைத்தது என் வீட்டுக்காரரும் என் மகனும். வசதிக்குக் கொடுக்கிற மாலையை அவர்களுக்குப் போடுங்கள், நானே கைதட்டுகிறேன்.

மணி அடித்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வருகிற அண்ணனுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுச் சிலிண்டரைக் கடைசியாக எந்தத் தேதியில் மாற்றினார்கள் என்று, வீட்டுக்குப் போன் போடாமல், இந்த மைக்கில் சொல்லிவிட்டு உங்கள் பேச்சை ஆரம்பியுங்கள். நடுவர் அய்யா, அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டு தீர்ப்புச் சொல்லுங்கள். நன்றி, வணக்கமுங்க.