சிற்பி செய்த சாப்பாட்டுத் தட்டு: டென்மார்க்கின் 'ரிலீஃப்'

[கோப்பையின் பக்கவாட்டு, மிக அருகில்]

'ரிலீஃப்' என்ற பாத்திர வரிசையில் வந்த இந்தக் கோப்பையில் விரலை ஓட்டினால் சின்னச் சின்ன மேடும் பள்ளமும் வரிசையாகத் தட்டுப்படும். மேடு வெளிறி இருக்கிறது, பள்ளம் அடர் பழுப்பு. பார்த்தால் தூரிகையால் தீட்டியது போல இருக்கும், ஆனால் இது சூளையில் நடந்த வேலை. ஸ்டோன்வேர், அதாவது அதிக சூட்டில் சுடும் கெட்டியான களிமண் பாத்திரம், 1200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேகும்போது மேலே பூசிய கிளேஸ் என்ற கண்ணாடி போன்ற பூச்சு உருகி, மேட்டிலிருந்து வழிந்து அங்கே மெலிந்து போகிறது, பள்ளத்தில் தேங்கித் தடிக்கிறது, தடிமன் மாற மாற நிறமும் மாறுகிறது.

செய்த இடம் டென்மார்க்கின் ராண்டர்ஸ் நகரிலிருந்த க்ரோன்யூடன் தொழிற்சாலை. வடிவமைத்தவர் யென்ஸ் க்விஸ்ட்கோர். அப்பா சிற்பி, இவரும் சிற்பமும் வெள்ளி வேலையும் கற்றவர், அதனால்தான் சாப்பாட்டுத் தட்டைக்கூட செதுக்குகிற கண்ணோடு பார்த்திருக்கிறார் என்பது என் எண்ணம்.

சரி, அவர் பெயர் வெளியே தெரிந்தது எப்படி? 1954-ல் டெட் நீரன்பர்க் என்ற அமெரிக்கர், கோபன்ஹேகன் அருங்காட்சியகம் ஒன்றில் க்விஸ்ட்கோர் செய்த கத்தி, முள்கரண்டியைப் பார்க்கிறார். எஃகு, அதற்குத் தேக்குப் பிடி. ஆளைத் தேடிப்பிடித்துப் பேசி, 'டான்ஸ்க்' என்ற வீட்டுப் பாத்திர நிறுவனத்தையே தொடங்கிவிட்டார். அதற்காக க்விஸ்ட்கோர் மரம், இரும்பு, எனாமல் என்று எதையும் விட்டுவைக்கவில்லை. ஆனால் ரிலீஃப் டான்ஸ்குக்காக இல்லை, க்ரோன்யூடனுக்காக.

டென்மார்க்கில் நல்ல ஸ்டோன்வேர் அதற்கு முன்பே இருந்தது. நத்தாலி க்ரெப்ஸ் என்ற வேதியியல் பொறியாளர் நடத்திய சாக்ஸ்போ பட்டறையின் கிளேஸ்கள் இன்றும் பேசப்படுகின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் அலமாரியில் வைத்து அழகு பார்க்கும் ஜாடிகளும் கிண்ணங்களும்தான். ரிலீஃப் அந்த அழகை அன்றாடம் சூப் ஊற்றிக் குடிக்கிற கிண்ணத்துக்குக் கொண்டுவந்தது, எனக்கு இதைப் பிடித்ததே அதனால்தான்!

[தட்டின் அடிப்பக்கம்]

அப்புறம், பழைய ரிலீஃப் கையில் கிடைத்தால் முதலில் கவிழ்த்துப் பாருங்கள். க்ரோன்யூடன் முத்திரை இருந்தால் முந்தைய காலத்தது. 1970-களில் பிங் அண்ட் க்ரோண்டால் என்ற டென்மார்க் பீங்கான் நிறுவனம் அந்தத் தொழிற்சாலையை வாங்கியது, அதன் பிறகு வந்தவற்றில் அவர்கள் முத்திரை இருக்கும். ஒரே செட்டில் ஒரு தட்டு கறுத்தும் இன்னொன்று தேன் நிறத்திலும் இருந்தால் போலி என்று பயந்து திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், சூளையில் எந்த இடத்தில் இருந்தது, எவ்வளவு சூடு பட்டது என்பதைப் பொறுத்து அப்படி வரும்.