ஜாடிக்கு முதுகு உண்டு

வணக்கம். உங்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். விரலை ஓட்டினால் வழுவழுவென்று போகும், எங்கும் தட்டாது. நான் பேச வந்திருக்கும் பழைய சீன ஜாடியில் விரல் தட்டும். பச்சை இலை வரும் இடத்தில் லேசாக மேடு. முகம் வரும் இடத்தில் மறுபடியும் வழுக்கல்.

சீனாவில் ஜியாங்ஷி மாகாணத்தில் ஜிங்டேஜென் என்று ஓர் ஊர். காங்ஷி பேரரசர் காலம், அதாவது 1662 முதல் 1722 வரை. முதலில் ஜாடியைச் சுமார் 1300 டிகிரியில் வெள்ளை வெளேரென்று சுட்டு எடுத்துவிடுவார்கள். அப்புறம்தான் படம். கோடு இழுத்து, நிறம் சேர்த்த கண்ணாடி மாவை மேலே பூசி, 800 டிகிரி வாக்கில் இன்னொரு முறை சுடுவார்கள். அதுதான் எனாமல். செம்பு சேர்த்தால் பச்சை, மாங்கனீசு சேர்த்தால் கத்தரிப்பூ நிறம். முகத்துக்கு மட்டும் பெரும்பாலும் பூச்சு கிடையாது. ஜாடியின் வெள்ளைதான் தோல். அதன் மேல் கண், மூக்கு, வாய் எல்லாம் மயிரிழைக் கோடுகள். சின்ன ஜாடியில் ஒரு முகம் கட்டைவிரல் நகம் அளவுதான்.

இந்த முகங்களுக்காக ஒரு பாதிரியாரோடு எனக்குப் பல வருடத் தகராறு. அவர் போய்ச் சேர்ந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, அது வேறு விஷயம். தாந்த்ரகோல் என்ற பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார். 1712இல் சீனாவிலிருந்து பிரான்சுக்கு எழுதிய கடிதத்தில், ஒரு ஜாடி முடிவதற்குள் எழுபது கை மாறுகிறது என்கிறார். ஒருவர் விளிம்பு வளையம் மட்டும், ஒருவர் பூ மட்டும், இன்னொருவர் மலையும் தண்ணீரும். சரி, ஒப்புக்கொள்கிறேன். அதோடு விட்டாரா? மனித உருவங்கள்தான் பெரும்பாலும் மோசமாக வருகின்றன என்று ஒரு போடு போட்டார்! எனக்கு அங்கேதான் கோபம்.

ஒரு அருங்காட்சியகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு ஜாடி, சுவர்ப் பக்கமாக. முன்பக்கத்தில் ஓர் இளைஞன் மதில் மேல் ஏறி ஒரு காலை இந்தப் பக்கம் போட்டிருக்கிறான். கீழே ஒரு ஜோடி காலணி. மேலே நிலா. நிலாவை வைத்துத்தான் ராத்திரி என்று தெரியும். மற்றபடி பட்டப்பகல் போல வெளிச்சம். மதில் அப்படியே வளைந்து பின்னால் போகிறது. பின்னால் என்ன? பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கைப்பையில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை அதற்குள் நீட்டினேன். காவலர் ஓடி வந்தார்.

"என்னம்மா பண்றீங்க?"

"இவன் எங்கே போறான்னு பார்க்கறேன், தம்பி."

"திருடன் இல்லீங்களா அவன்?"

எனக்குக் கை எட்டவில்லை. அவரே கண்ணாடியை வாங்கி நீட்டினார். பாறை ஓரத்தில் ஒரு பெண் நிற்கிறாள், பக்கத்தில் தோழி. அந்தப் பெண்தான் கவிதை எழுதி அனுப்பி அவனை வரச் சொன்னவள். மதில் தாண்டி வந்ததும் அவளே அவனைத் திட்டப் போகிறாள். காங்ஷிக்கு முந்தைய யுவான் அரச வம்ச காலத்து நாடகம், 'மேற்கு அறை'. அது படங்களோடு அச்சாகியிருந்தது. அப்படிப்பட்ட படங்களைப் பார்த்து ஜாடியில் வரைந்தார்கள். தாளில் எல்லாம் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். ஜாடியில் அவனுக்கும் அவளுக்கும் நடுவே நாம்தான் நடக்க வேண்டும். காவலர் சிரித்தார். "அட, காலணியைக் கழட்டிப் போட்டுட்டு ஏறியிருக்கான்!" நகம் அளவு முகத்தில் அந்தப் பயலின் திருட்டு முழி தெரிந்தது. பாதிரியாரே, இதுவா மோசம்?

நேரமாகிவிட்டது என்று நிகழ்ச்சித் தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். ஜாடியின் அடியில் பேரரசர் பெயரை எழுதும் முத்திரை பற்றிப் பாதி நேரம் பேசுவதாக இருந்தேன். ஒன்று மட்டும். ஜாடி உடைந்தால் பேரரசர் பெயர் குப்பையில் கிடக்குமே என்று 1677இல் பெயர் எழுதத் தடை போட்டார்கள். அதனால் அசல் காங்ஷி ஜாடிகள் பலவற்றில் அந்தப் பெயர் இருக்காது. பத்தொன்பதாம் நூற்றாண்டுக்காரர்கள் தாராளமாக எழுதி வைத்தார்கள். தங்கத்திலிருந்து ரோஜா நிறம் எடுத்த கதை இன்னொரு நாளைக்கு. வணக்கம்.